பூ தூவப் போன விமானம்

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி, மரமே இல்லாத புல்வெளி ஒன்று இருந்தது. ரிமோட் விமானம் ஓட்ட ஆசைப்படும் மிருகங்களும் பறவைகளும் அங்கேதான் கூடும்.

கீரியும் குரங்கும் ஒரே நாளில் விமானம் வாங்கப் போயின.

"எனக்கு ஒன்றுமே தெரியாது. மெதுவாகப் பறக்கிற விமானமாகக் கொடுங்கள்" என்று கடைக்கார முள்ளம்பன்றியிடம் கேட்டது கீரி. தெர்மாகோலில் செய்த, இறக்கை அகன்ற விமானம் ஒன்று அதற்குக் கிடைத்தது.

குரங்குக்கோ தெரியாது என்று சொல்ல வெட்கம். "நான் எத்தனையோ விமானம் ஓட்டியிருக்கிறேன். இருப்பதிலேயே வேகமானதை எடுங்கள்" என்றது. பளபளவென்று ஒரு சிவப்பு விமானம் அதன் கைக்கு வந்தது.

கீரி தினமும் காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே புல்வெளிக்கு வந்துவிடும். விமானத்தை எறியும். அது மூக்குக் குத்தி விழும். கீரி உடைந்த இடத்தை ஒட்டிவிட்டு மறுபடி எறியும். பார்த்தவர்களிடமெல்லாம் சந்தேகம் கேட்கும்.

குரங்கு தன் விமானத்தை ஒரு தடவைகூடப் பறக்கவிடவில்லை. துணியால் துடைக்கும், நான்கு பேருக்குக் காட்டும், வீட்டுக்கு எடுத்துப் போய்விடும்.

அந்த மாதம் மான் வீட்டில் கல்யாணம் வந்தது.

"மாப்பிள்ளை வரும்போது வானத்திலிருந்து பூ தூவ வேண்டும். பறவைகள் எல்லோரும் விருந்தாளிகள், அவர்களிடம் வேலை சொல்ல முடியாது. உன் விமானத்தில் தூவுகிறாயா?" என்று குரங்கிடம் கேட்டது மான்.

குரங்கு மறுக்க வாயெடுத்தது. ஆனால் சுற்றிலும் நின்றவர்கள் அதையே பார்த்தார்கள்.

"அதற்கென்ன, தூவிவிடலாம்" என்றது.

கல்யாணத்தன்று குரங்கு சிவப்பு விமானத்தில் பூவை நிரப்பி எறிந்தது. நல்ல வேளையாக அது நேராகப் பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு வரை போன விமானம் அங்கே காற்றில் வளைந்து, புல்வெளியில் போட்டிருந்த கல்யாணப் பந்தலை நோக்கித் திரும்பி வந்தது.

குரங்கு இடது பக்கம் திருப்பப் பார்த்தது. விமானம் வலது பக்கம் போவதுபோல் தெரிந்தது. பயந்துபோய் மாற்றித் திருப்பியது. விமானம் தள்ளாடிக்கொண்டே கீழே இறங்கியது. பந்தலில் முயல்குட்டிகள் வரிசையாக உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தன.

"பூ எப்போது விழும்?" என்று கேட்டது மான்.

குரங்கு ரிமோட்டை நீட்டியது. "எனக்கு ஓட்டவே தெரியாது. யாராவது இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கத்தியது.

கீரி ஓடி வந்து ரிமோட்டை வாங்கியது. வாங்கியதும் விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தது.

"விமானம் அங்கே வருகிறது, இது எங்கே நிற்கிறது?" என்று முணுமுணுத்தது ஓர் ஆடு.

கீரி வேகத்தைக் குறைத்தது. ரிமோட்டில் இருந்த குச்சியை ஒரு பக்கம் மெல்லத் தள்ளியது. சாய்ந்த இறக்கை நிமிர்ந்தது. விமானம் பந்தலை ஒதுங்கிப் போய், சமையல் செய்துகொண்டிருந்த கரடியின் தலையில் அத்தனை பூவையும் கொட்டிவிட்டுப் புல்லில் வழுக்கி நின்றது.

மாப்பிள்ளைக்கு ஒரு பூவும் கிடைக்கவில்லை. ஆனாலும் கல்யாண வீடே சிரித்தது, கரடியும்தான்.

குரங்கு தயங்கித் தயங்கிக் கீரியிடம் வந்தது. "நீ ஏன் திரும்பி நின்றாய்?"

"விமானம் நம்மை நோக்கி வந்தால் அதன் இடது பக்கம் நமக்கு வலது பக்கம். அது பார்க்கிற திசையிலேயே நாமும் நின்றுகொண்டால் குழப்பம் வராது. கொக்கிடம் கேட்டேன், அது சொன்னது."

"இதுகூடத் தெரியாதா என்று கொக்கு சிரிக்கவில்லையா?"

"சிரித்தது. சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தது."

குரங்கு கீரியின் கையிலிருந்த ரிமோட்டை எட்டிப் பார்த்தது. பிறகு, "அப்படியானால் முதலில் எந்தக் குச்சியைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டது.

கீரி சிரித்தது. சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தது.

நீதி: தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவருக்கு யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.