மிளகுக் கடையில் கட்டிய யானை

மருதகிரியை ஆண்ட கனகசிம்ம ராஜாவுக்கு யுத்தம் வராது, சங்கீதம் வராது. மிளகு வியாபாரம் மட்டும் நன்றாக வரும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதற்காகக் கோட்டை வாசலில் ஒரு கடை போட்டிருந்தார். நாலு பேர் உள்ளே போனால் ஐந்தாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய கடை!

அதற்குக் கணக்கு எழுதியவர் உள்ளூர்க்காரரான வேலப்பர். யார் எதைச் சொன்னாலும், "காட்டுங்க, எழுதறேன்" என்பார். மூட்டையைத் தட்டிப் பார்ப்பார், கையை விட்டுத் துழாவுவார், அப்புறம்தான் எழுத்தாணியைத் தொடுவார். ஒருநாள் ஜலதோஷத்துக்கு ரசம் வைக்க ராஜாவே ஒரு கைப்பிடி மிளகு அள்ளிக்கொண்டு போனார். வேலப்பர் கொஞ்சமும் தயங்காமல், "மகாராஜா பற்று, மிளகு கைப்பிடி ஒன்று" என்று எழுதிவைத்தார். அன்றிலிருந்து ராஜாவுக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

கடை விசாரிப்புக்காரர் பேரின்பநாதர் இதற்காகவே காத்திருந்தார்.

"மகாராஜா, ரத்தினபட்டணத்துல கணித சிகாமணின்னு ஒருத்தர் இருக்கார். ஆறு நாள் பயணம். பதினெட்டு ராஜாக்களுக்கு உட்கார்ந்த இடத்துல இருந்தே கணக்கு எழுதறார். நாம சரக்குப் பட்டியலை ஓலையில எழுதி அனுப்பினா போதும். எழுத்து முத்து முத்தா இருக்கும். கூலியும் பாதி."

"கடைக்குள்ள வந்து மோப்பம் பிடிக்க மாட்டாரே?"

"கடை எந்தத் திசையில இருக்குன்னே அவருக்குத் தெரியாது, மகாராஜா!"

இதை ஒரு பெருமையாகச் சொன்னார். சபையும் தலையாட்டியது. அந்தச் சபையில் தலைகள் இருந்ததே ஆட்டத்தான்.

ஆடாத தலை ஒன்றே ஒன்று, ஆலோசகர் திருமேனியுடையது. வேலப்பர் அவருக்கு உறவில்லை, நண்பருமில்லை. போன பொங்கலுக்கு அவர் பேரிலும் அரைப்படி மிளகு பற்று எழுதிய மனிதர்தான். ஆனாலும் இந்தக் கூத்தைப் பொறுக்க மாட்டாமல் திருமேனி எழுந்தார்.

"மகாராஜா, ரெண்டு மாசம் பொறுங்க. அதுக்குள்ள அந்தத் தூரத்துக் கணக்கோட லட்சணத்தைக் காட்டறேன். காட்டாட்டி என் ஆசனத்தையும் எடுத்துக்குங்க."

"காட்டாட்டி நீரும் வேலப்பரும் ஒரே வண்டியில ஊரை விட்டுப் போகணும், ஓய்."

"ஆகட்டும். முதல் ஓலைக் கட்டை மட்டும் நான் கட்டி அனுப்பறேன்."

வேலப்பரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் குடியிருந்த வீடு உத்தியோகத்தோடு வந்தது. அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பேரின்பநாதர் எழுதிய பட்டியலின் அடியில், அவருக்குத் தெரியாமல், திருமேனி ஒரு வரி சேர்த்தார்: "அரண்மனை கொடுத்த கொம்பன் யானை ஒன்று. கடைக்குள் கட்டியிருக்கிறது."

பன்னிரண்டாம் நாள் பேரின்பநாதருக்குப் பதில் ஓலை வந்தது. "மிளகு சரி. மூட்டை சரி. யானைக்குத் தீனிச் செலவு காணோம். உடனே எழுதவும்."

பேரின்பநாதர் திடுக்கிட்டார். பதினெட்டு ராஜாக்களில் யாருடைய யானையையோ சிகாமணி தவறுதலாக இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார் என்று நினைத்தார். யோக்கியனாக இருந்தால் யானை இல்லை என்று எழுதியிருப்பான். இவர் புன்னகைத்துக்கொண்டே, "தினம் கரும்பு எட்டுக் கட்டு, அரிசி ரெண்டு மரக்கால், பாகன் கூலி தனி" என்று எழுதினார். சிகாமணி அதையெல்லாம் அழகாகக் கூட்டி அனுப்பினார். ராஜா எழுத்தழகில் சொக்கிப்போய், கடைசி வரியை மட்டும் பார்த்து முத்திரை குத்தினார். யானை தின்னத் தின்னப் பேரின்பநாதருக்குத் தொந்தி போட்டது. திருமேனி ஒவ்வொரு கணக்கு ஓலையையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

ரெண்டு மாதம் முடிந்தது. சபை கூடியது. வேலப்பரும் ஒரு ஓரத்தில் வந்து நின்றார்.

"மகாராஜா, நவராத்திரி ஊர்வலத்துக்கு உங்க மிளகுக் கடை யானை மேலேயே ஏறி வாங்களேன்" என்றார் திருமேனி.

"எந்த யானை, ஓய்?"

திருமேனி கணக்கு ஓலைகளைப் பிரித்து நீட்டினார். ராஜா முதல்முறையாக முதல் வரியிலிருந்து படித்தார். படிக்கப் படிக்கக் கண் பிதுங்கியது.

"ரெண்டு மாசமா கரும்பு வாங்கிப் போட்டிருக்கேனே! பேரின்பநாதா, யானை எங்கே?"

பேரின்பநாதர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். யானையே இல்லை என்றால் கரும்புக்கு யார் பதில் சொல்வது?

"அது... நேத்துச் செத்துப்போச்சு, மகாராஜா. புதைச்சாச்சு."

மருதகிரியில் அரண்மனை யானை செத்தால், அன்று பொழுது சாய்வதற்குள் தந்தம் இரண்டும் கஜானாவுக்கு வந்தாக வேண்டும். அது பரம்பரை வழக்கம். திருமேனி கொம்பன் என்று பார்த்து எழுதியது அதனால்தான். ஆனால் அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஓரத்தில் நின்ற வேலப்பர், பழக்க தோஷத்தில் ஓலையும் எழுத்தாணியுமாக முன்னால் வந்தார்.

"தந்தம் ரெண்டையும் காட்டுங்க, வரவு எழுதிடறேன்."

பேரின்பநாதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தின்ற அத்தனையையும் கக்கச் சொன்னார் ராஜா. அதோடு, தினம் எட்டுக் கட்டுக் கரும்பைத் தலையில் சுமந்துபோய் அரண்மனையில் இருக்கும் நிஜ யானைக்குப் போட வேண்டும் என்றும் தீர்ப்பு. வேலப்பர் வீட்டில் சாக்குகளை அவிழ்த்தார்கள். திருமேனிக்கு முத்துமாலை கிடைத்தது. ராஜா வெட்கத்தோடு ஒரு கைப்பிடி மிளகைக் கொண்டுவந்து கொடுத்துத் தன் பற்றைத் தீர்த்துக்கொண்டார்.

யானையே கிடையாது என்று சிகாமணிக்கும் ஓலை போயிற்று. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. முத்து முத்தான எழுத்து. திருமேனி சபையில் வாசிக்க, ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.

"தகவல் கிடைத்தது. என் கணக்கில் பிழை ஏதும் இல்லை. தீனிச் செலவு சரியாக இருக்கிறது, யானைதான் குறைகிறது. ஆகவே தாங்கள் உடனே ஒரு யானை வாங்கிக் கடைக்குள் கட்டவும்."