பாதியில் நிற்கும் கூடுகள்

பறவைகள் தனித்தனியாகக் கூடு கட்டப் பழகாத அந்தக் காலத்தில், கண்மாய்க் கரையில் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் ஒரே ஒரு கூடு இருந்தது. அது எல்லாருக்கும் பொது. வருகிறவர் ஒரு குச்சியோ, கொஞ்சம் மண்ணோ, ஓர் இலையோ சேர்த்துவிட்டு உள்ளே தங்கலாம். எப்படிக் கட்டியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பார்த்ததை வைத்து வேறு மரத்தில் இன்னொன்று கட்டினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

காகம் குச்சி அடுக்கும். தகைவிலான் ஈர மண்ணை உருட்டி வந்து அப்பும். தையல்சிட்டு இலையில் துளையிட்டுப் பஞ்சு இழையால் தைக்கும். தூக்கணாங்குருவி அப்போது எதையும் புதிதாகக் கட்டியதில்லை. விடிந்ததும் முதலில் எழுந்து, கீழே விழுந்து கிடப்பதை எடுத்து மேலே செருகும், விரிசலை அடைக்கும். அதிகம் பேசாது. மற்றவர்கள் வேலை செய்துகொண்டே ஒருவரையொருவர் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது அதற்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கூடு நிலைக்கவில்லை. குச்சி நகர்ந்தால் மண் உதிர்ந்தது. மண் காய்ந்தால் தையல் கிழிந்தது. ஒரு மழையில் ஒரு பக்கம் முழுவதும் சரிந்து, தகைவிலானின் முட்டைகள் கண்மாயில் விழுந்தன.

காகம் எல்லாரையும் கூட்டியது. "ஆளுக்கு ஒரு மாதிரி கட்டினா இப்படித்தான் ஆகும். ஏதாவது ஒரு முறையைப் பிடிச்சுக்கணும்."

"உங்க முறை வேண்டாம்ண்ணே," என்றது தையல்சிட்டு. "உள்ள உட்கார்ந்தா வானம் தெரியுது."

"உன் முறையில நான் உட்கார்ந்தேன்னு வை, நேரா தண்ணிக்குள்ளதான்."

எல்லாரும் சிரித்தார்கள். தகைவிலான் மட்டும் சிரிக்கவில்லை. "குருவி சொல்லட்டும்," என்றது. "தினம் இந்தக் கூட்டைத் தொட்டுப் பார்க்கிறது அதுதான். அடுத்த மழை வர்றதுக்குள்ள சொன்னா போதும்."

தூக்கணாங்குருவி தகைவிலானின் முகத்தைப் பார்த்தது. சரி என்று தலையாட்டியது.

அது எல்லா முறையையும் செய்து பார்த்தது. குச்சிக் கூடு ஒழுகியது. மண்ணுக்குத் தண்ணீர் வேண்டும். கோடையில் எங்கே போவது? இலை வாடிவிட்டது. கடைசியில் நெற்பயிரின் பச்சைத் தாளை நீள நாராகக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து முடிச்சிட்டுப் பார்த்தது. கையகலத்துக்குப் பின்னிய அந்தத் துண்டு ஒரு தூறலில் நனைந்தது. அடிப்பக்கம் ஈரமே இல்லை.

மற்றவர்களிடம் காட்டலாமா என்று யோசித்தது. காட்டினால் பேச வேண்டும். கேள்வி கேட்பார்கள், கேலி செய்வார்கள், தனக்குப் பதில் சொல்ல வராது. முழுவதும் கட்டி முடித்துவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டது. மற்றவர்கள் இரை தேடி மேற்கே போயிருந்த நாட்களில், அது பொதுக்கூட்டை முழுவதுமாகப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டு, அதே இடத்தில் நாரால் புதிதாகப் பின்னியது.

திரும்பி வந்தவர்கள் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து பார்த்தார்கள். தகைவிலான் உள்ளே போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தது. காகம் நுழைந்ததும் கூடு குலுங்கியது.

"நான் உட்கார்ந்தப்போ ஆடவே இல்லையே," என்றது தூக்கணாங்குருவி.

"நீ உட்கார்ந்தா எதுடா ஆடும்?" என்ற காகம், வழக்கம்போல் ஒரு குச்சியைக் கொண்டுவந்து செருகப் பார்த்தது. குச்சி நிற்கவில்லை.

"முடிச்சுப் போடணும்ண்ணே. இப்படி உள்ள விட்டு, இப்படி இழுத்து..."

காகம் முயன்றது. அதன் தடித்த அலகுக்குள் நார் நசுங்கியது. தையல்சிட்டு ஒரு முடிச்சுப் போட்டது. அது உடனே அவிழ்ந்தது. "இந்த நாருக்கு எங்க போறது தம்பி? வயல் எல்லாம் அறுப்பு முடிஞ்சு காய்ஞ்சு கிடக்கே."

"நீங்க எது கிடைச்சாலும் கொண்டு வாங்க அக்கா. நான் பின்னிடறேன்."

கொண்டு வந்தார்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தார்கள். செய்ய வேலை இல்லாததால் பேச்சும் குறைந்தது. யாரும் கோபப்படவில்லை. தையல்சிட்டு ஒரு கத்தரிச் செடியில் தனக்கென்று இரண்டு இலையைத் தைத்துக்கொண்டது. காகம் வேப்பமரத்துக்குப் போனது. கடைசியாகத் தகைவிலானும், "நல்லாத்தான் இருக்கு. என்னவோ, வேற யார் வீட்டிலயோ இருக்கிற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பாறை இடுக்கில் மண் அப்பப் போய்விட்டது.

மழை வந்தது. கூட்டுக்குள் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அத்தனை பேர் தங்கும் கூட்டில் தூக்கணாங்குருவி ஒரு மூலையில் உட்கார்ந்து, வெளியே பெய்யும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் வேப்பமரத்துக்குப் போனது. காகம் நனைந்துபோய்க் குஞ்சுகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இங்க ஒழுகுதேண்ணே. அங்க வந்துடுங்களேன்."

"ஒழுகுதுதான். எங்க ஒழுகுதுன்னு எனக்குத் தெரியும், நானே அடைச்சுக்குவேன்." காகம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. "கட்டுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

தூக்கணாங்குருவி ஆமாம் என்று தலையாட்டியது. திரும்பிப் போய், பெரிய கூட்டை நார் நாராகப் பிரித்தது. அடுத்த பருவத்தில் சின்னதாக ஒன்று தொடங்கியது. பாதி வந்ததும் நிறுத்தியது. அதன் விளிம்பில் தொங்கிக்கொண்டு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, சிறகடித்துக் கூப்பிட்டது.

ஒரு பெண்குருவி வந்தது. நாரை இழுத்துப் பார்த்தது. பறந்துவிட்டது. தூக்கணாங்குருவி அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் ஆண் தூக்கணாங்குருவிகள் எந்தக் கூட்டையும் பாதிவரை மட்டும் பின்னிவிட்டு, இது போதுமா என்று கேட்டுக் காத்திருக்கின்றன. வந்து பார்த்த பெண்குருவி உள்ளே உட்கார்ந்தால்தான் மீதியைப் பின்னுகின்றன. யாரும் உட்காராதவை, அடிப்பக்கம் திறந்தபடி, இன்றும் மரங்களில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கின்றன.