கோரைத்திட்டுல மலை சைக்கிள் விட்ட கதை

எங்க கோரைத்திட்டு எப்படிப்பட்ட ஊருன்னு கேட்டீங்கன்னா, ஊர்லயே உசரமான இடம் என் டீக்கடை பெஞ்சுதான். மத்ததெல்லாம் தட்டை. கிழக்கே கடல், கடலுக்கு முன்னாடி சேறு, சேறு முழுக்கக் கோரை. மேற்கே வயலுக்கு நடுவுல ஆளில்லாத ரோடு. அந்த ரோட்டுல முன்னாடி லாரியும் பஸ்ஸும் வந்துச்சு, என் கடையில நின்னு டீ குடிச்சுச்சு. பைபாஸ் போட்டதுக்கப்புறம் ஒரு வண்டியும் இந்தப் பக்கம் திரும்பல. கடையை மூடிட்டுத் திருப்பூருக்குப் போயி, மருமகன் வீட்டு மூலையில உக்காந்து, அவரு செருமும்போதெல்லாம் எந்திரிச்சு நிக்க வேண்டியதுதான்னு நான் மனசைத் தேத்திக்கிட்டிருந்த சமயம் அது.

அப்பதான் திருச்சியிலேருந்து எட்வின்னு ஒரு சார் வந்தாரு. சைக்கிள் சங்கத்துக்காரர். ஞாயித்துக்கிழமையானா ஒரு கூட்டமே மலை சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்கயாவது மிதிக்கப் போவுமாம். மலையெல்லாம் ஏறி அலுத்துப்போயி, இப்ப கடலோரச் சேத்துல மிதிக்கணும்னு ஆசை வந்துடுச்சாம். வயல் ரோட்டுல வந்து, சேத்தோரமா சுத்திக்கிட்டு, கடைசியில என் கடையில இட்லி. பிடிச்சுப்போச்சுன்னா வாராவாரம் வருவோம்னாரு. எனக்கு அந்த மனுசனை விழுந்து கும்பிடணும்போல இருந்துச்சு.

என் கெட்ட நேரம், வழியைத் தயார் பண்ற வேலையை அவரு எங்க ஊர் விடிவெள்ளி நற்பணி மன்றத்துக்கிட்ட ஒப்படைச்சுட்டாரு. மன்றம்னா மூணே பேரு. வைரக்கண்ணு தலைவர், உத்திராபதி செயலாளர், பக்கிரிசாமி உறுப்பினர். மூணு பேருக்கும் கல்யாணமாயி புள்ளைகுட்டி இருக்கு. அந்தப் புள்ளைங்களுக்குப் புத்தியும் இருக்கு, எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல.

சார் ஒரு மலை சைக்கிளை விட்டுட்டுப் போனாரு. வழி முழுக்க ஒரு தடவை இதைக் கொண்டுபோயிப் பாருங்க, சைக்கிளுக்குத் தோதா இருக்கான்னு சொல்லுங்கன்னாரு. பக்கிரிசாமி துண்டைச் சுருட்டித் தலையில வச்சு, அதுமேல சைக்கிளைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கிளம்புனான். வயல் ரோட்டுல நடந்து, சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்கி, முழுசும் சுத்திட்டுச் சாயங்காலம் வந்து சேந்தான். சைக்கிள்ல ஒரு பொட்டு சேறு இல்ல. அவன்மேல சேறு இல்லாத இடமே இல்ல.

சாருக்குப் போன் போட்டு, சைக்கிளுக்கு ஒரு சிரமமும் இல்ல சார், எனக்குத்தான் கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னான். முதல் தடவை அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு அவரு சந்தோசமாச் சொன்னாரு. அதோட விட்டாரா? மலை சைக்கிள்காரங்க ஒரு ஏத்தமாவது எதிர்பாப்பாங்க, சின்னதா ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னும் சொல்லிட்டாரு.

மன்றம் என் பெஞ்சுல கூடுச்சு. மூணு டீ, மூணும் கடன்.

"மலையே இல்லாத ஊர்ல ஏத்தத்துக்கு எங்க போறது?"ன்னு உத்திராபதி கவலைப்பட்டான்.

வைரக்கண்ணு கண்ணை மூடி யோசிச்சான். "கீழ இறங்குனவன் மேல ஏறித்தானே ஆவணும்? பள்ளத்தைத் தோண்டுவோம். ஏத்தம் தன்னால வந்துரும்."

சத்தியமாச் சொல்றேன், ஒரு நிமிசம் நானே அசந்துட்டேன். அட, இவனுக்கும் எங்கயோ ஒரு மூலையில மூளை இருக்கு போலருக்கேன்னு நினைச்சேன். அந்த நினைப்புக்கு மறுநாளே தண்டனை கிடைச்சுது.

மறுநாள் போயிப் பாத்தா, சேத்தோரம் பெரிய பள்ளம். பக்கத்துல தோண்டுன மண்ணு ஆள் உசரத்துக்குக் குவிஞ்சு கிடக்கு. கோரைத்திட்டு பொறந்த நாள்லேருந்து அவ்வளவு உசரமா ஒண்ணை ஊரே பாத்ததில்ல. மூணு பேரும் இடுப்புல கை வச்சுக்கிட்டு அந்தக் குவியலைப் பாத்துக் கவலைப்பட்டுக்கிட்டிருந்தானுங்க. வழியில இவ்வளவு பெரிய மேடு கிடந்தா வர்றவன் எப்படிப் போவான்னு பேச்சு. கடைசியில பக்கத்துல இன்னொரு பள்ளம் தோண்டி, அதுல இந்த மண்ணைப் புதைக்கிறதுன்னு தீர்மானம் ஆச்சு.

"அடேய், அந்த மேடுதான்டா ஏத்தம்"னு நான் கத்துனேன்.

வைரக்கண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே, பாவம் படிக்காத பொம்பளைங்கற மாதிரி. "அக்கா, அது வெறும் மண்ணு. மலைன்னா கல்லுல இருக்கும்"னு பொறுமையா விளக்கிட்டு மம்பட்டியை எடுத்துக்கிட்டான்.

ரெண்டாவது பள்ளத்து மண்ணுக்கு மூணாவது பள்ளம். மூணாவது பள்ளத்து மண்ணைக் கூடையில அள்ளிக் கடல்ல கொண்டுபோயிக் கொட்டுனானுங்க. இந்த உழைப்புல பாதியைச் சொந்த வயல்ல காட்டியிருந்தா மூணு குடும்பமும் முன்னேறியிருக்கும். மறுநாள் கடல் தண்ணி ஏறி, முதல் பள்ளம் விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு, எங்க ஊரு பழையபடி தட்டையாயிடுச்சு. உத்திராபதி அதோரம் ஒரு பலகை நட்டு வச்சான். ‘ஏற்றம் தண்ணீருக்கு அடியில் உள்ளது’ன்னு எழுதியிருந்துச்சு.

மிச்சம் இருந்தது அம்புக்குறி. வழி திரும்புற இடத்துல வெள்ளை பெயிண்ட்டுல போடணும், பெருசா கறுப்பா எதாவது இருந்தா அதுமேல போடுங்க, தூரத்துலேருந்து பளிச்சுன்னு தெரியும்னு சார் சொல்லியிருந்தாரு. ரோட்டை விட்டுச் சேத்துக்குத் திரும்புற இடத்துல மரம் கிடையாது, சுவர் கிடையாது. பெருசா கறுப்பா அங்க இருந்தது பக்கிரிசாமியோட எருமை ஒண்ணுதான்.

நான் அன்னிக்கு மாவாட்டிக்கிட்டிருந்தேன், தெரியாமப்போச்சு. தெரிஞ்சிருந்தா அந்த பெயிண்ட்டை மூணு பேர் தலையிலயும் கொட்டியிருப்பேன். பின்னாடி கேட்டதுக்கு, அவசரப்பட்டு எதுவும் செய்யலக்கா, நல்லாக் கலந்து பேசித்தான் செஞ்சோம்னானுங்க. எருமை நகந்துட்டா என்ன பண்றதுன்னு உத்திராபதி கேட்டிருக்கான். பொழுதுக்கும் அதே குட்டையிலதான் கிடக்கும்னு பக்கிரிசாமி பொறுப்பேத்துக்கிட்டான். திரும்பி நின்னா அம்பு மறைஞ்சுருமேன்னு அடுத்த சந்தேகம். அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் போடணும்னு தலைவர் முடிச்சு வச்சாரு. ரெண்டு விலாவுலயும் தலையைப் பாத்து ஒவ்வொரு அம்பு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. விடியறதுக்குள்ள எந்திரிச்சு இட்லி அவிச்சேன், சாம்பார் வச்சேன், ரெண்டு சட்னி அரைச்சேன். பெஞ்சைக் கழுவி விட்டேன். இன்னிக்கு இந்தக் கூட்டம் வந்து சாப்பிட்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பொழச்சேன், இல்லாட்டி திருப்பூர்தான். காத்துக்கிட்டே இருந்தேன். டிபன் நேரம் போச்சு, சாப்பாட்டு நேரமும் போச்சு, ஒருத்தரையும் காணோம். மனசு கேக்காம, மன்றத்தாரைக் கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு ரோட்டு முனை வரைக்கும் நடந்தேன். நான் பண்ணின முட்டாள்தனம் அது ஒண்ணுதான், ஆனா பெரிய முட்டாள்தனம்.

அங்க சேத்துல நடந்தது இதுதான். சைக்கிள் கூட்டம் மணி அடிச்சுக்கிட்டு வந்ததும் எருமை மிரண்டு எந்திரிச்சு நடந்திருக்கு. அம்பு காட்டுற பக்கம் இவங்களும் போயிருக்காங்க. அது கோரைக்குள்ள பூந்தா கோரைக்குள்ள, சேத்துல இறங்குனா சேத்துல. பத்தாவது தடவை ஒரே குட்டையைச் சுத்துனப்பகூட ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. மத்த ஊர்ல வழி காட்ட ஆள் விடுவாங்க, இங்க எருமை விட்டிருக்காங்கன்னு நினைச்சோம்மான்னு எட்வின் சார் பின்னாடி சொன்னாரு. அத்தனை பேரும் காலேஜ் படிச்சவங்க.

பசி தாங்காம அவரு வைரக்கண்ணுக்குப் போன் போட்டிருக்காரு. "எங்க சுத்துறோம்னே தெரியல. எப்படியாவது அந்தக் கடையைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க தம்பி"ன்னு கெஞ்சியிருக்காரு.

தம்பி உடனே காரியத்துல இறங்கிட்டான். என் கடை என்ன கோட்டையா? நாலு மூங்கில் கால், மேல ஒரு கீத்துக் கூரை. காலைப் பிடுங்கி, கூரையோட தோள்ல தூக்கிக்கிட்டானுங்க. அடுப்பு, இட்லிப்பானை, பெஞ்சு எல்லாத்தையும் மாட்டு வண்டியில ஏத்தி, சேத்து நடுவுல கொண்டுபோயி இறக்கி, பழையபடி நட்டு வச்சுட்டானுங்க. அடுப்புல தீயும் மூட்டியாச்சு.

அதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. பொழுது சாஞ்சா எருமை வீட்டுக்குத்தானே வரும்? வந்துச்சு. பக்கிரிசாமி கொட்டகை என் கடைக்கு அடுத்த மனை. அதுவரைக்கும் முனையில காத்து நின்னுட்டு நான் திரும்பி வர்றேன், எதிர்ப்பக்கத்துலேருந்து எருமை வருது, அதுக்குப் பின்னாடி தலையிலேருந்து கால் வரைக்கும் சேத்தோட ஒரு சைக்கிள் ஊர்வலம். எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நின்னோம். கடை இருந்த இடத்துல நாலு குழி மட்டும் இருந்துச்சு.

"அம்மா, இங்க ஒரு டீக்கடைன்னு சொன்னாங்களே?"ன்னு எட்வின் சார் கேட்டாரு.

நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழணும்போல இருந்துச்சு. காலையில இருந்துச்சு சார்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. பாவம், குழியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, பைபாஸ்ல இருக்கிற பரோட்டாக் கடைக்கு மிதிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

இருட்டுற நேரத்துல மன்றத்தார் வந்தாங்க. வாயைத் துடைச்சுக்கிட்டு, நிறைஞ்ச வயித்தோட, மூஞ்சில அப்படி ஒரு பெருமை.

"கடை எங்கடா?"

"அங்கதான்க்கா நிக்குது. தண்ணி ஏறுச்சு, நாங்க மட்டும் வந்துட்டோம்"னான் பக்கிரிசாமி.

"இட்லி?"

"ஒண்ணு மிச்சமில்ல"ன்னு வைரக்கண்ணு என் தோளைத் தட்டுனான். "கடையைத் திறந்துட்டோம், ஆள் யாரும் வரல. அப்பறம்தான் யோசிச்சுப் பாத்தோம். கடைக்குள்ள உக்காந்திருக்கிறவன் யாரு? வாடிக்கைக்காரன். அப்படிப் பாத்தா பெஞ்சுல இடமே இல்லக்கா, பக்கிரி நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டான். இவ்வளவு வியாபாரத்தை விட்டுட்டு நீ எதுக்குத் திருப்பூருக்குப் போவணும்?"

நான் கையில எதாவது அகப்படுதான்னு சுத்திலும் பாத்தேன். விறகுக்கட்டைகூட இல்ல, அதையும் கொண்டுபோயிட்டானுங்க.

உத்திராபதி என் பக்கம் குனிஞ்சு, ஊர் நன்மையை உத்தேசிச்சு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"சட்னியில மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்க்கா. வெளியூர்க்காரங்க வந்து சாப்பிடுற கடை, பாத்துக்க."