பீரோவுக்குள் ஒரு கருத்து

ஊர்ப் பாதை பிரியும் ஆலடிக்குளம் விலக்கில் ஒரு பீரோ கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் துரைக்கண்ணு காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மகளின் கல்யாணச் சீருக்கு இரண்டு பீரோக்கள் சாயங்காலத்துக்குள் மண்டபம் போய்ச் சேர வேண்டும். "வரலைன்னா நாளையிலேர்ந்து நீ வேற கம்பெனி பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி மண்டபத்துக்குக் கிளம்பியிருந்தார்.

ஆனாலும் துரைக்கண்ணுவுக்கு ஒரு தைரியம் இருந்தது. போன வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, தலைமைப் பண்பு பற்றி எல்லாருக்கும் வகுப்பு எடுத்திருந்தார். எந்த முடிவையும் எல்லாருடைய சம்மதத்தோடும்தான் எடுக்க வேண்டும் என்றார். யாரிடமும் ஒரு குறை சொல்வதற்கு முன் இரண்டு நிறை சொல்ல வேண்டும் என்றார். தொழிலாளி படுகிற கஷ்டத்தைத் தலைவரும் கூடவே பட வேண்டும் என்றார். வகுப்பில் கொடுத்த வடையை மறந்தாலும் துரைக்கண்ணு இதையெல்லாம் மறக்கவில்லை.

மத்தியானம், பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பெயின்டர் பொன்னையா அந்த இரண்டில் ஒரு பீரோவில் துணி தொங்கவிடும் பக்கத்துக்குள் நுழைந்தார். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. கம்பெனியின் பெருமையே அந்தப் பூட்டுதான். நல்லவேளை, பின்தகட்டில் ஓட்டைகள் இருந்ததால் மூச்சுக்குப் பஞ்சமில்லை.

"யாருப்பா அங்கே? கதவைத் திறங்க" என்றது பீரோ.

துரைக்கண்ணு சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். சாவியைப் பூட்டில் நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சபேசா, நான்பாட்டுக்குத் திறந்துட்டா அது சர்வாதிகாரம் ஆயிடாதா?"

வெல்டர் சபேசன் முகவாயைச் சொறிந்தான். "ஆகும்ணே. எல்லாரையும் கேட்டுத்தான் திறக்கணும்."

கணக்கெழுதும் மாரிச்செல்வியையும் கூப்பிட்டார்கள். கதவைத் திறக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் துரைக்கண்ணு. மூன்று பேரும் தூக்கினார்கள். மாரிச்செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பொன்னையாண்ணன் கையைக் காணோமே சார்."

"தூக்கிட்டேன் தாயி" என்றது பீரோ.

"எங்க கண்ணுக்குத் தெரியலையேண்ணே" என்றான் சபேசன். "நாளைக்கு நீங்களே 'என்னைக் கேக்காம திறந்துட்டாங்க'ன்னு சொன்னா நாங்க என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. துரைக்கண்ணு பீரோ பக்கம் குனிந்து மிகவும் பணிவாகச் சொன்னார்: "அண்ணே, ஒரு நிமிஷம் வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டிட்டு உள்ளே போயிடுங்க. உடனே திறந்துடறோம்."

பீரோ சொன்ன பதிலை எழுத முடியாது. மாரிச்செல்வி காதைப் பொத்திக்கொண்டாள்.

துரைக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. பாவம், மனிதர் உள்ளே வெந்துகொண்டிருக்கிறார்; தலைவர் வெளியே காற்றாட நிற்கிறார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பீரோவுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பொன்னையாண்ணே, நானும் வந்துட்டேன். இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?"

"கதவு பூட்டியிருக்குடா."

"எனக்கும் அதே குறைதாண்ணே" என்றார் துரைக்கண்ணு. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தொழிலாளியின் மனசு அவருக்கு அப்படியே புரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாண மண்டபத்து வேன் வந்து நின்றது. வந்த ஆட்கள், என்ன கனம் கனக்கிறது என்று முனகிக்கொண்டே இரண்டு பீரோக்களையும் ஏற்றினார்கள். இரும்போடு இரும்பு உரசிய சத்தத்தில் உள்ளே நடந்த பேச்சு யார் காதிலும் விழவில்லை.

உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று சபேசன் டிரைவரிடம் போனான். ஆனால் அது குறை ஆயிற்றே. முதலில் இரண்டு நிறை சொல்ல வேண்டுமே.

"உங்க மீசை நல்லாருக்கு" என்றான்.

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். இரண்டாவது நிறைக்காகச் சபேசன் அவரை மேலும் கீழும் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. வேனின் பின்பக்கம் பார்க்க லட்சணமாக இருப்பது அவனுக்குத் தோன்றியபோது, அது விலக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். மாரிச்செல்வி எடுத்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ரெண்டு பீரோவும் நேரத்துக்கு வந்துடுச்சும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தக் கனத்தைப் பார்த்தே அசந்துட்டாங்க. துரைக்கண்ணுவை என்னவோன்னு நினைச்சேன், இந்த மாசத்திலேர்ந்து அவனுக்குச் சம்பளம் கூட்டறேன். அவன்கிட்ட போனைக் குடு."

"சார் மீட்டிங்ல இருக்காரு முதலாளி."

"இந்த நேரத்துல மீட்டிங்கா? எங்கே?"

"அங்கேதான் முதலாளி. லேசா தட்டிக் கூப்பிடுங்க, பேசுவாரு."