வண்டி மேல் எழுதிய எண்

"வேகமாப் போனவளுக்குத் தோல்வியாம்! இது பந்தயமா, பஞ்சாயத்தா?"

சௌடேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றி டயர் மேல் எறிந்தாள். அது துள்ளி உருண்டு மைமூனின் காலடியில் போய் நின்றது.

மைமூன் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் சௌடி கடைசி வருடம், மைமூன் இரண்டாம் வருடம். பந்தய ஓடுதளத்துக்கு வந்துவிட்டால் கதை தலைகீழ். அங்கே மைமூன்தான் மாஸ்டர். அவளை ஜெயித்தவர் யாரும் இல்லை. சௌடி வாய் நிறைய "மாஸ்டர்" என்பாள். மைமூன் பதிலுக்கு "அக்கா" என்பாள்.

"யாருங்க்கா தோத்தது?"

"நான்தான்! ஃபைனலுக்கு முந்தின ஒத்திகையிலயே! அந்த ரித்தீஷுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாடி கோட்டைத் தாண்டினேன். ஊரே பார்த்துச்சு. ஜெயிச்ச லைட் அவன் பக்கம் எரியுது!"

"ஓ."

"ஓ-வா? 'மியூசியம் கிளம்பிருச்சு, டிக்கெட் வாங்கிட்டீங்களா'ன்னு என் பழைய எஞ்சினைக் காட்டி மைக்கைப் பிடுங்கிக் கத்தறான். நீங்க 'ஓ'ங்கறீங்க!"

கோவைக்கு வெளியே, விமானம் இறங்கி வெகுகாலமான அந்த ஓடுதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் வண்டி கால் மைலை எத்தனை வினாடியில் கடக்கும் என்பதை, ஓட்டுகிறவரே வண்டியின் மேல் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். மெதுவான வண்டிக்கு, அந்த வித்தியாசத்தின் அளவுக்கு முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். அதன்பிறகு முதலில் கோட்டைத் தொடுகிறவருக்கு வெற்றி.

ஒன்றே ஒன்று. எழுதியதைவிட வேகமாக ஓடிவிடக் கூடாது; ஓடினால் தோல்வி.

சௌடி ஓடிவிட்டாள்.

"எழுதினது யாருங்க்கா?"

"நான்தான். வேணும்னேதான் நேரத்தைக் கூட்டி எழுதினேன். முன்னாடியே கிளம்பிரலாம். கடைசியில பிரேக்கை அழுத்திச் சரிக்கட்டிரலாம். எல்லாரும் பண்றதுதானே?"

"அழுத்தலையா?"

சௌடியின் கோபம் எங்கேயோ போய்விட்டது. கண்கள் விரிந்தன.

"எப்படி மாஸ்டர் அழுத்தறது? அந்தச் சத்தம் இருக்கே! எட்டு சிலிண்டரும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா, எட்டுத் தறி ஒரே மூச்சுல ஓடற மாதிரி... முதுகுத்தண்டுல ஏறி மண்டையில வந்து நிக்குது. பிரேக் மேல கால் போகவே மாட்டேங்குது!"

அந்த எஞ்சின் அப்படிப்பட்டது. எட்டு சிலிண்டரும் ஒரே வரிசை. ஓர் ஆள் அதன் மேல் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு நீளம். எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் காரை இழுத்தது. இந்த வட்டாரத்தில் அதுபோல் இன்னொன்றை யாரும் கண்டதில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் சௌடி அதனுடனே கிடந்தாள். துரு எடுத்தாள், பிஸ்டன்களைக் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினாள், அதைச் சுற்றி மூக்கு நீண்ட, ஒற்றை ஆள் ஓட்டும் டிராக்ஸ்டர் பந்தய வண்டியைக் கட்டினாள். முதன்முதலாக அது உறுமிய அன்று பட்டறைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

ஆனால் எஞ்சின் அவளுடையது இல்லை. ஓட்டல்காரர் பொங்கியண்ணனுடையது.

"நாளைக்கு ஃபைனல்ல ஜெயிச்சா வண்டியிலயே இருக்கட்டும், உனக்கே" என்று அவர் சொல்லியிருந்தார். "தோத்தா ஓட்டல் வாசலுக்கு வந்துரோணும். தங்கக் கலர் பெயிண்ட் அடிச்சு, சுத்தி ஃபவுண்டன் வச்சிருவேன்."

ஃபவுண்டன்! நினைக்கும்போதே சௌடிக்கு உடம்பு எரிந்தது.

"மாஸ்டர், நாளைக்கு நீங்க ஓட்டுங்க."

"கட்டினவங்கதான் ஓட்டணும்."

"அப்ப என்ன எண் எழுதறதுன்னாவது சொல்லுங்க."

மைமூன் டம்ளரைக் கீழே வைத்தாள். தூரத்தில் காற்றுத் திசை காட்டும் பழைய கம்பம் ஒன்று நின்றது.

"அது வரைக்கும் ஓடுங்க்கா."

"வண்டியிலயா?"

"கால்ல. எத்தனை எண்ணறதுக்குள்ள போவீங்கன்னு முதல்ல சொல்லிட்டு ஓடுங்க."

"எதுக்கு?"

மைமூன் கம்பத்தை நோக்கிக் கையைக் காட்டினாள்.

சௌடி கம்பத்தை அளந்து பார்த்தாள். "முப்பது."

ஓடினாள். மைமூன் உரக்க எண்ணினாள். கம்பம் நெருங்கியபோது எண்ணிக்கை இருபத்திரண்டுதான் ஆகியிருந்தது. சௌடி வேகத்தைக் குறைத்தாள், நடந்தாள், கடைசியில் அன்னநடை போட்டு, முப்பதுக்குச் சரியாகக் கம்பத்தைத் தொட்டாள்.

திரும்பி வந்தவளிடம் மைமூன் கேட்டாள்.

"ஓடினது நீங்களா, முப்பதா?"

"இதென்ன கேள்வி! சொன்ன நேரத்துக்குப் போகணும்னுதானே விதி?"

"மறுபடி ஓடுங்க்கா."

"பதினஞ்சு!" என்று வெடித்துவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று பறந்தது. பதினைந்து வந்தபோது கம்பம் இன்னும் தொலைவில் இருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

மைமூன் செருப்பை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"இப்ப ஓடினது யாருங்க்கா?"

சௌடி வாயைத் திறந்தாள். வழக்கமாக அங்கே ஒரு வாதம் தயாராக இருக்கும். இந்தத் தடவை இல்லை.

"என் ரோஷம்" என்றாள்.

"உங்களால எத்தனைக்குள்ள ஓட முடியும்?"

"தெரியல."

மைமூன் செருப்பைக் காலருகே வைத்தாள். பாலிஷ் புட்டியைச் சௌடியின் சட்டைப்பையில் செருகினாள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

"எண் சொல்லவே இல்லையே!" என்று சௌடி கத்தியது ஸ்கூட்டர் புகையைத்தான் எட்டியது.

மறுநாள் ஃபைனல்.

மதியம் வரை தார் கொதித்தது. திடீரென்று மேற்கே மேகம் கூடி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜில்லென்று வீசியது. கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. பக்கத்துத் தடத்தில் ரித்தீஷின் நீல வண்டியில் வெளிநாட்டு எஞ்சின் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"எண்ணை எழுதுங்க, மேடம்!" என்று நடுவர் அவசரப்படுத்தினார்.

சௌடி புட்டியைத் திறந்தாள். நேற்றைய எண் கைக்கு வந்தது. அது பயம். அதைவிடக் குறைத்து ஒன்று, ரித்தீஷின் முகத்தில் அறைகிற மாதிரி ஓர் எண், நாக்கு நுனிவரை வந்தது. அது ரோஷம் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

எஞ்சின் மேல் கையை வைத்தாள்.

குளிர்ந்த காற்றைக் குடித்துக்கொண்டு அது ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைப் போல இல்லை, சுத்தமாக, ஒரு திக்கலும் இல்லாமல். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு வரை ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தனித்தனியாக வந்து தட்டியது. நடுவர் மறுபடி கத்தினார். அவள் அசையவில்லை.

பிறகு எழுதினாள்.

ரித்தீஷ் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "அக்கா, அது எஞ்சின் நேரமா, உங்க ஆசையா?"

"உன்னோடதைப் பாரு தம்பி" என்று சௌடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

அவள் பக்கம் முதலில் பச்சை.

பின்டயர் இரண்டும் புகைந்து தாரைக் கவ்வின. மூக்கு எழும்பியது. எட்டும் ஒரே குரலில் பாடத் தொடங்கின. ஐயோ, என்ன பாட்டு! எலும்பெல்லாம் அதிர்ந்தது. பக்கவாட்டில் உலகம் ஒரே கோடாக உருகி ஓடியது. எங்கோ பின்னால் ரித்தீஷ் கிளம்பும் அலறல் கேட்டது. அது நெருங்கியது, தோளுக்கு வந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில்லை. இதற்குமேல் அழுத்த இடமில்லாதபடி கால் தரையோடு ஒட்டியிருந்தது. கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் ஒரு நீல நிழல் அவளைத் தாண்டிப் பாய்ந்தது.

பாராசூட் விரிந்து வண்டியைப் பின்னால் இழுத்தது.

ஓடுதளத்தின் கடைசி. அமைதி. சூடான இரும்பு 'டிக் டிக்' என்று ஆறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி தூரத்தில் ஏதோ கத்தியது, ஒன்றும் புரியவில்லை.

மைமூனின் ஸ்கூட்டர் பறந்து வந்தது. பின்சீட்டில் பொங்கியண்ணன், வேட்டி காற்றில் படபடக்க.

"போச்சு! என் எஞ்சின் போச்சு!" என்று அவர் இறங்குமுன்பே கத்தினார். ஆனால் முகமெல்லாம் பல். "அந்தப் பையன் உனக்கு முன்னாடி கோட்டைத் தாண்டிட்டான் கண்ணு! ஆனா அவன் எழுதின நேரத்தையும் சேர்த்துத் தாண்டிட்டான்! கூட்டி எழுதிட்டு, உன்னை விரட்டற வெறியில பிரேக்கையே மறந்துட்டான்! எஞ்சின் இனி உன்னுது, ஓட்டல்ல வெறும் ஃபவுண்டன்தான்!"

சௌடி ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். அவர் சொன்ன ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லை. மைமூனின் கையிலிருந்த, ஓடிய நேரம் குறித்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், நான் எழுதினதுக்கும் அது ஓடினதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

பொங்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஜெயிச்சமான்னு கூடக் கேக்க மாட்டியா?"

மைமூன் சீட்டை நீட்டினாள்.

"அக்கா அதைத்தானுங்க கேக்கறாங்க."