புது மருந்து

ஜமீன்தாரின் வேட்டைத் துப்பாக்கி வெடித்துச் சிதறி, அதற்கு வெடிமருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்க்கிற வேலைக்காரன் ஒச்சப்பன் செத்துப்போனான். அவன் அளவு தெரியாமல் அதிகம் போட்டுவிட்டான் என்று ஊர்க்கூட்டத்தில் ஜமீன்தார் பழி சொன்னார்.

"எப்பவும் போடுற அளவுதான் சாமி. நீங்க வாங்கின புது மருந்து பழசைவிட வேகமா, சூடா எரியுது," என்றாள் ஒச்சப்பனின் மனைவி சிவனி.

"ரெண்டும் ஒண்ணுதான். இல்லேன்னா செத்தவனை வந்து சொல்லச் சொல்லு."

"அவரால வர முடியாது. நீங்களே சொல்லுங்க சாமி. அதே மருந்தை, அதே அளவுல, உங்க இன்னொரு துப்பாக்கியில போட்டு ஒரு தடவை சுடுங்க."

அவள் நீட்டிய மருந்துக் குடுவையை ஜமீன்தார் தொடவில்லை. கூட்டம் அவர் கையையே பார்த்தது.

"அவன் மேல தப்பில்லை," என்றார் கடைசியில்.

சிவனி நேரே இடுகாட்டுக்குப் போனாள். புருஷனைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்து அதை அவனிடம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.