காளான் படுக்கையில் விட்ட கால்

அந்தக் காலத்தில் மலையில் காளானைத் தேடிப் போகிற வேலையே கிடையாது. வாசலில் நின்று "காளானே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒற்றைக் காலால் தத்தித் தத்தி அதுவே வந்து நிற்கும். விரிந்த குடையைக் கிள்ளிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். போகிற வழியிலேயே மறு குடை முளைத்துவிடும்.

ஆனால் கூப்பிடுகிறவர்கள் ஒருவரா இருவரா? விடிந்தால் மேலூர்க்காரர்கள், உச்சிக்குக் கீழூர்க்காரர்கள், பொழுது சாய்ந்தால் விருந்தாளி வந்த வீட்டுக்காரர்கள். முன்னே அது நல்ல செம்மண் நிறமாம். நடந்து நடந்துதான் இப்படி வெளுத்துப்போனது.

ஒருநாள் முடியாமல் புற்றுக்குள் போய்ப் படுத்துவிட்டது. அங்கே கரையான்களுக்கெல்லாம் தாய் ஒருத்தி இருந்தாள். "படுத்துக்கோ. ஆனா குறட்டை விடக் கூடாது, பிள்ளைங்க வேலை செய்யுதுங்க" என்றாள்.

கீழூரில் சடச்சி என்று ஒருத்தி. பிள்ளை பெற்று இரண்டு மாதம். புருஷன் தேனெடுக்க ஏறி விழுந்து படுத்த படுக்கை. வீட்டில் கேழ்வரகு தீர்ந்து ஐந்து நாள். பால் வற்றிவிட்டது. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், காளான் வரவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கிழங்கு தோண்டுகிற கோலை ஊன்றிக்கொண்டு இரண்டு மலை ஏறி இறங்கினாள். வழியெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் தேய்ந்துபோனது. இனி ஒரு அடி வைக்க முடியாது என்று அவள் சாய்ந்த இடம் அந்தப் புற்று.

உள்ளே குறட்டை கேட்டது.

கோலை ஓங்கி ஒரே குத்து. புற்றின் மண்டை பெயர்ந்து விழுந்தது. கரையான் குஞ்சுகளுக்கு நடுவில் காளான் சோளக்குருணை அளவுக்குச் சிறுத்துச் சுருண்டு கிடந்தது.

"ஏ புள்ள, கதவைத் தட்டுற பழக்கமெல்லாம் உங்க ஊர்ல இல்லையா?" என்றாள் கரையான்தாய்.

"கூப்பிட்டேன் அக்கா, வரலை. என் பிள்ளைக்குப் பால் இல்லை."

"என் பிள்ளைகளுக்கு இப்போ கூரை இல்லை. மேல பாரு."

மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கு ஒரு பொட்டு மண்ணைக் கவ்விக்கொண்டு கரையான்கள் ஓடின. ஓட்டையோ கூடை கவிழ்க்கிற அளவு. மழைக்கு முன்னால் ஆகிற காரியமில்லை.

சடச்சி காளானை எடுத்தாள். ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அது கண்ணைத் திறக்காமலே தேய்ந்த குரலில் சொன்னது: "தின்னுட்டுப் போ. என்னால எழுந்திரிக்க முடியலை."

காலையிலிருந்து அவள் குரலும் அப்படித்தான் இருந்தது.

காளானை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஓடைக்குப் போய்ச் சேலையில் ஈரமண் அள்ளிவந்து அப்பினாள். நாலு நடை. கடைசிப் பிடியை வைத்துத் தட்டும்போது முதல் துளி விழுந்தது. பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை. பக்கத்துப் பாறை இடுக்கில் அதை அணைத்துச் சுருண்டாள்.

மலை அசைகிற மாதிரி இடி இடித்தது. காளான் விழித்துக்கொண்டது.

"அவ போயிட்டாளா?"

"எங்க போவா? பாறையில கிடக்கா" என்றாள் கரையான்தாய்.

காளான் பெருமூச்சு விட்டது. "முழுசா வர முடியாது. கால் படுக்கையிலேயே இருக்கட்டும். தலையை மட்டும் நீட்டுறேன்."

"ஒரு தலை யாருக்குக் காணும்?"

ஒன்பது தலை நீட்டியது. மண்ணை முட்டி முட்டி ஒவ்வொன்றும் உச்சியில் கூர்ந்துபோனது.

விடிந்ததும் சடச்சி பார்த்தாள். கோலைத் தொடாமல் கையாலேயே எடுத்தாள்.

"நாளைக்கும் வருவியா?"

"இடி எழுப்பினா வருவேன். நீ கூப்பிட்டா வரமாட்டேன். கோவிச்சுக்காதே."

"கோவமில்லை. தூங்கு."

எடுத்த குழியில் மண்ணைத் தள்ளி, பிள்ளையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினாள். அன்று மத்தியானம் அவள் பிள்ளை பால் குடித்துத் தூங்கியது. அவளும் தூங்கினாள்.

அன்றையிலிருந்துதான் புற்றுக்காளான் இடி இடித்தால் மட்டும் தலைநீட்டுகிறது. எவ்வளவு பதமாக எடுத்தாலும் கால் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். நாமும் அதற்குமேல் தோண்டுவதில்லை. குழியை மூடி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சத்தம் போடாமல் வீட்டுக்கு நடக்கிறோம்.